ஆஸ்கரும் ஃபீலிக்ஸும் ஏன் பிரிந்து போகவில்லை?

‘தி ஆட் கப்பிள்’ என்ற பழைய அமெரிக்க நகைச்சுவை டிவி தொடரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஃபீலிக்ஸ் வீட்டைத் துடைத்துக்கொண்டே இருப்பான், ஆஸ்கர் குப்பை போட்டுக்கொண்டே இருப்பான், இரண்டு பேரும் ஒரே வீட்டில் சண்டை போடுவார்கள். ஒரு வரியில் முடிந்துவிடுகிற இந்த விஷயத்தை வைத்து 114 எபிசோடு எடுத்தது எப்படி, ஐம்பது வருடம் கழித்தும் ஆட்கள் அதைத் தேடிப்பிடித்துப் பார்ப்பது ஏன் என்பது உங்கள் கேள்வி. இந்தத் தொடரை முழுதாக மூன்று முறை பார்த்தவன் நான். அது பிறந்த நாடகத்தையும் படித்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த முதல் இரவைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்க நாடகாசிரியர் நீல் சைமன் இதே பெயரில் எழுதிய நாடகம் 1965 மார்ச் 10 அன்று நியூயார்க்கின் பிராட்வேயில் மேடையேறியது. ஆஸ்கர் மேடிசன் பத்திரிகையில் விளையாட்டுச் செய்தி எழுதுபவன். மனைவி பிள்ளைகளோடு போய்விட்டாள். எட்டு அறை வீட்டில் தனியாக இருக்கிறான். ஃப்ரிட்ஜ் கெட்டுப்போய் இரண்டு வாரம் ஆகியும் சரி செய்யவில்லை. வாராவாரம் நண்பர்கள் கூடும் போக்கர் சீட்டாட்டம் நடந்துகொண்டிருக்கிறது. ஒரு ஆளை மட்டும் காணவில்லை. ஃபீலிக்ஸ். அவனுடைய பன்னிரண்டு வருடத் திருமணம் உடைந்துவிட்டது என்று தெரிய வருகிறது. உயிரை விடப்போகிறேன் என்று மனைவிக்குத் தந்தி அடித்துவிட்டு எங்கோ போயிருக்கிறான். கடைசியில் அவன் வந்து சேரும்போது, சீட்டாடிக்கொண்டிருந்த வளர்ந்த ஆண்கள் எல்லோரும் ஒன்றும் தெரியாதவர்கள் போல நடிக்கிறார்கள். அவன் ஜன்னல் பக்கம் நகர்ந்தால் மட்டும் பதறி எழுந்திருக்கிறார்கள். சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் அந்த அறையில் இருக்கும் பயம் நிஜமான பயம். அன்றைக்கு இரவு ஆஸ்கர் சொல்கிறான்: என்னோடேயே இருந்துவிடு.

வாடகையைப் பகிர ஆள் தேடி அமைந்த கூட்டு இல்லை இது. தனியாக விட்டால் இவன் என்ன செய்துகொள்வானோ என்ற கவலையில் அமைந்தது. அதற்கப்புறம் ஃபீலிக்ஸ் எத்தனை எரிச்சல் மூட்டினாலும் ‘கிளம்பு’ என்று சொல்வது ஆஸ்கருக்கு லேசான காரியமாக இருக்காது. இதே மாதிரி கிளம்பிய பல தொடர்கள் இரண்டாவது சீசனிலேயே மூச்சு வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். ‘இவ்வளவு சண்டை போடுகிறவர்கள் ஏன் வேறு வீடு பார்த்துப் போகக் கூடாது’ என்ற கேள்விக்கு அவற்றிடம் பதில் இருக்காது. இங்கே பதில் முதல் காட்சியிலேயே கிடைத்துவிடுகிறது.

கதையின் வேர் சைமன் குடும்பத்திலேயே இருந்தது. நீல் சைமனின் அண்ணன் டேனி, அவரும் நகைச்சுவை எழுத்தாளர். விவாகரத்து ஆனதும், அதே நிலையில் இருந்த ராய் கெர்பர் என்ற நண்பரோடு சேர்ந்து குடியேறினார். செலவைக் குறைக்க வீட்டிலேயே சமையல். டேனி சமைப்பார், எல்லாம் நேரத்துக்கு நடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார், நண்பர் தாமதமாக வந்தால் கோபம் வரும். புருஷன் பெண்டாட்டிச் சண்டை இரண்டு ஆண்களுக்கு நடுவே நடப்பதை தம்பி கவனித்தார். இதை நாடகமாக எழுது என்று அண்ணனைத்தான் முதலில் தூண்டினார். டேனி சில பக்கங்கள் எழுதிப் பார்த்துவிட்டு, முடியவில்லை, நீயே எழுது என்று தம்பியிடம் கொடுத்துவிட்டார். தன் வாழ்க்கையே ஆனாலும் அதற்கு வெளியே நிற்கிற ஒருவரால்தான் எழுத முடிந்திருக்கிறது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. உள்ளே இருப்பவனுக்குத் தன் பக்கம்தான் சரி. நாடகமோ இரண்டு பக்கமும் சரி என்று சொல்ல வேண்டியிருந்தது.

அண்ணன் வீட்டில் தம்பி பார்த்ததுதான் இந்தக் கதையின் மையம். மனைவியைத் துரத்திய அதே குணங்களோடுதான் இவர்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதுகிறார்கள். ஃபீலிக்ஸின் மனைவி எதைத் தாங்க முடியாமல் அவனை அனுப்பினாளோ, அந்தத் துடைப்பும் நச்சரிப்பும் சுயபரிதாபமும் இப்போது ஆஸ்கர் தலையில். ஆஸ்கரின் மனைவி எதற்காகப் போனாளோ, அந்தப் பொறுப்பின்மையும் சூதாட்டமும் சிகரெட் சாம்பலும் இப்போது ஃபீலிக்ஸ் தலையில். முடிந்துபோன இரண்டு திருமணங்களும் ஒரே வீட்டுக்குள் மறுபடி நடக்கின்றன. இந்த முறை மட்டும் நடப்பதை அவர்களால் பார்க்க முடிகிறது. ஃபீலிக்ஸோடு ஒரு மாதம் இருந்த பிறகு, அவன் மனைவி பாவம் என்ன பாடு பட்டிருப்பாள் என்று ஆஸ்கருக்குப் புரிகிறது. அது அவனுக்குத் தன் மனைவி பட்ட பாட்டையும் நினைவுபடுத்த வேண்டும். நாடகம் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. அதனால்தான் அது தைக்கிறது.

நாடகத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று. மாடி வீட்டில் இருக்கும் இரண்டு ஆங்கிலேய சகோதரிகளை ஆஸ்கர் இரவுச் சாப்பாட்டுக்கு அழைக்கிறான். குடிக்க எதையோ கலந்து எடுத்து வர அவன் சமையலறைக்குள் போன நேரத்தில், ஃபீலிக்ஸ் தன் மனைவி, பிள்ளைகளின் போட்டோவைக் காட்டி அழ ஆரம்பிக்கிறான். அதைப் பார்த்து அந்தப் பெண்களுக்கும் தங்கள் பழைய துக்கம் பொங்குகிறது. கையில் கிளாஸ்களோடு உற்சாகமாக உள்ளே வரும் ஆஸ்கர், மூன்று பேரும் தேம்பித் தேம்பி அழுவதைப் பார்த்து நிற்கிறான். எத்தனை முறை படித்தாலும் சிரிப்பு வருகிறது. ஃபீலிக்ஸ் அழுவது பொய்யில்லை என்பதால் கொஞ்சம் தொண்டையும் அடைக்கிறது.

நாடகத்தில் வால்டர் மத்தாவும் ஆர்ட் கார்னியும் நடித்தார்கள். 1968-ல் சினிமாவானபோது மத்தாவோடு ஜாக் லெமன் சேர்ந்தார். அதுவும் நல்ல படம்தான். ஆனால் நீங்கள் கேட்டது தொடரைப் பற்றி.

1970 செப்டம்பர் 24 அன்று ஏபிசி சேனலில் தொடர் தொடங்கியது. கேரி மார்ஷலும் ஜெரி பெல்சனும் அதை டிவிக்காக உருவாக்கினார்கள். ஃபீலிக்ஸாக டோனி ராண்டல், ஆஸ்கராக ஜாக் க்ளக்மன். டிவியில் ஃபீலிக்ஸ் ஒரு போட்டோகிராபர். ஆஸ்கர் அதே விளையாட்டு நிருபர், முன்னாள் மனைவி பிளான்ஷுக்கு ஜீவனாம்சம் கொடுக்க முடியாமல் எப்போதும் திண்டாடுபவன். பிளான்ஷாக வந்த பிரெட் சோமர்ஸ் நிஜ வாழ்க்கையிலும் க்ளக்மனின் மனைவி. 1974-ல் இருவரும் பிரிந்தார்கள். அவர்கள் சண்டை போடும் காட்சிகளை இது தெரிந்த பிறகு பார்த்தால் வேறு மாதிரி இருக்கும்.

அந்தக் காலத்தை இங்கே கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் 1967 வரைக்கும் விவாகரத்துக்குச் சட்டம் ஏற்றுக்கொண்ட காரணம் ஒன்றே ஒன்றுதான்: திருமணத்துக்கு வெளியே உறவு. வசதி உள்ளவர்கள் நெவாடா மாநிலத்துக்குப் போய் ஆறு வாரம் தங்கி விவாகரத்து வாங்கி வருவார்கள். யார்மேலும் குற்றம் சொல்லாமல் பிரியலாம் என்ற சட்டம் கலிபோர்னியாவில் 1970 ஜனவரி 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதே வருடம் செப்டம்பர் 19 அன்று, அதாவது இந்தத் தொடருக்கு ஐந்து நாள் முன்பு, சிபிஎஸ் சேனலில் ‘தி மேரி டைலர் மூர் ஷோ’ தொடங்கியது. அதன் நாயகியை விவாகரத்தானவளாகக் காட்டத்தான் எழுதியவர்கள் நினைத்திருந்தார்கள். சேனல் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் காதல் முறிந்தவளாக மாற்றினார்கள். ஒரு பெண்ணுக்கு அனுமதிக்காததை இரண்டு ஆண்களுக்கு இன்னொரு சேனல் அனுமதித்தது. அநியாயம்தான். ஆனாலும் தொடரின் தொடக்கத்தில் ஒரு குரல் வந்து, நவம்பர் 13 அன்று ஃபீலிக்ஸை வீட்டை விட்டுப் போகச் சொன்னார்கள், சொன்னது அவன் மனைவி என்று அறிவித்துவிட்டு, விவாகரத்தான இரண்டு ஆண்கள் ஒருவரையொருவர் பைத்தியமாக்காமல் ஒரே வீட்டில் இருக்க முடியுமா என்று கேட்டது அந்த வருடங்களில் சின்ன விஷயம் இல்லை. குடும்பம் உடைந்த பிறகு ஒரு ஆண் எங்கே போவான், யார் சமைப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால் வீட்டில் யார் இருப்பார்கள் என்ற கேள்விகள் அங்கே புதிதாக லட்சக்கணக்கான வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்தன. தொடர் அவற்றைச் சோகப் பாட்டு பாடாமல் எடுத்துக்கொண்டது.

முதல் சீசன் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. சினிமா எடுப்பது போல ஒரே கேமராவில், பார்வையாளர்கள் இல்லாமல் எடுத்துவிட்டு, பதிவு செய்த சிரிப்பொலியை மேலே ஒட்டினார்கள். ராண்டலும் க்ளக்மனும் மேடையில் வளர்ந்த நடிகர்கள். அந்தப் போலிச் சிரிப்பை அவர்கள் வெறுத்தார்கள். ஒரு எபிசோடைச் சிரிப்பொலியே இல்லாமல் ஒளிபரப்பிக்கூடப் பார்த்தார்கள். இரண்டாவது சீசனிலிருந்து நிலைமை மாறியது. வாரம் முழுதும் நாடகம் போல ஒத்திகை, அப்புறம் உண்மையான பார்வையாளர்களுக்கு முன்னால் மூன்று கேமராவில் படப்பிடிப்பு. இந்த மாற்றத்தை நீங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். முதல் சீசனில் ஒரு வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளி எங்கோ இருக்கும் இயந்திரத்துக்காக விடப்பட்டது. இரண்டாவதிலிருந்து அந்த இடைவெளியை எதிரே உட்கார்ந்திருக்கும் முந்நூறோ நானூறோ மனிதர்கள் தீர்மானிக்கிறார்கள். அவர்கள் சிரித்து அடங்கும்வரை க்ளக்மன் முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு காத்திருப்பார். அந்தக் காத்திருப்பு பல நேரம் வசனத்தைவிட வேடிக்கையாக இருக்கும்.

இந்த இரண்டு நடிகர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ராண்டல் மேற்கத்திய இசை நாடகமான ஆப்பெராவில் ஊறியவர், சிகரெட் புகையைக் கடுமையாக எதிர்த்தவர், சொல் சுத்தம் பார்ப்பவர். க்ளக்மன் குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுபவர், நிறையப் புகைத்தவர். பின்னாளில் அவருக்குச் சொந்தமான ஒரு குதிரை 1980-ல் கென்டக்கி டெர்பி என்ற பெயர்பெற்ற குதிரைப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தது. ஆக, பாத்திரங்களுக்கும் நடிகர்களுக்கும் நடுவே பெரிய தூரம் இல்லை. ராண்டலின் இசைப் பைத்தியத்தைத் தொடர் அப்படியே எடுத்துக்கொண்டது. ஃபீலிக்ஸ் ஒரு ஆப்பெரா மன்றத்தில் இருக்கிறான். மார்ட்டினா அரோயோ, மெர்லின் ஹார்ன் போன்ற நிஜ ஆப்பெராப் பாடகிகள் வந்து நடித்தார்கள். ஆஸ்கரின் பக்கத்திலிருந்து விளையாட்டு உலகம் வந்தது. டென்னிஸ் வீரர்கள் பில்லி ஜீன் கிங்கும் பாபி ரிக்ஸும் 1973-ல் ஆணுக்கு எதிராகப் பெண் என்று மோதிய அந்தப் பெயர்பெற்ற ஆட்டத்துக்குக் கொஞ்ச நாள் கழித்து இந்தத் தொடரில் வந்து போனார்கள். ஒரே வீட்டு ஹாலில் ஆப்பெராவும் டென்னிஸும் வந்து உட்கார்ந்தன. பார்க்கிறவர் எந்தப் பக்கத்து ஆளாக இருந்தாலும் அவருக்கு அங்கே ஒரு நாற்காலி இருந்தது.

சரி, உதாரணத்துக்கு இரண்டு எபிசோடுகளைச் சொல்கிறேன். முதலாவது 1972-ல் வந்த ‘பாஸ்வேர்ட்’. அந்தப் பெயரில் அமெரிக்காவில் ஒரு நிஜ வார்த்தை விளையாட்டு நிகழ்ச்சி இருந்தது. ஒருவருக்கு ஒரு சொல் கொடுக்கப்படும். அவர் வேறு ஒரே ஒரு சொல்லைக் குறிப்பாகச் சொல்ல, ஜோடியில் இருப்பவர் மறைந்திருக்கும் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். நிகழ்ச்சியை நடத்திய ஆலன் லட்டனும் அவர் மனைவி பெட்டி வைட்டும் தாங்களாகவே வந்து நடித்தார்கள். ஆஸ்கருக்கு அதில் கலந்துகொள்ள அழைப்பு வருகிறது. ஃபீலிக்ஸுக்கோ அந்த நிகழ்ச்சி என்றால் உயிர். என்னை ஜோடியாகக் கூட்டிப்போ என்று கெஞ்சிக் கூத்தாடிப் போய்விடுகிறான். மேடையில் அவனுக்குக் கிடைக்கும் சொல் ‘பறவை’. அவன் ஆஸ்கருக்குக் கொடுக்கும் குறிப்பு: ‘அரிஸ்டோஃபனிஸ்’. பண்டைய கிரேக்க நாடகாசிரியர். பறவைகளைத் தலைப்பாக வைத்து ஒரு நாடகம் எழுதியவர். ஃபீலிக்ஸ் மனதில் இது அப்பட்டமான குறிப்பு. இதைவிடத் தெளிவாக ஒருவன் எப்படிச் சொல்ல முடியும்! ஆஸ்கரின் முகத்தை அந்த நேரத்தில் பார்க்க வேண்டும். அது முட்டாளின் முகம் இல்லை. எதிரில் இருப்பவன் தன்னைப் பற்றி எவ்வளவு உயர்வாக நினைத்திருக்கிறான் என்று அறிந்து தவிக்கும் முகம்.

இந்த எபிசோடைச் சிலாகிப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு பேருக்கு நடுவே உண்மையில் இடிப்பது அழுக்குத் துணி இல்லை. தனக்குத் தெளிவாக இருப்பது எதிரில் இருப்பவனுக்கும் தெளிவாக இருக்கும் என்ற நினைப்பு. நானும் சில வருடங்கள் ஒரு நண்பனோடு அறையைப் பகிர்ந்து வாழ்ந்திருக்கிறேன். ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடக் கூடாது என்பது எனக்குச் சொல்லவே தேவையில்லாத விஷயம். இரவு பதினொரு மணிக்கு மேல் விளக்கு எரியக் கூடாது என்பது அவனுக்குச் சொல்லவே தேவையில்லாத விஷயம். ஆறு மாதம் இரண்டு பேரும் ஒன்றும் சொல்லிக்கொள்ளாமலேயே கோபித்துக்கொண்டிருந்தோம். அப்புறம்தான் இந்தத் தொடரைப் பார்த்தேன்.

இரண்டாவது, 1973-ன் நீதிமன்ற எபிசோடு. டிக்கெட்டைக் கூடுதல் விலைக்கு விற்றதாகத் தவறாகப் பிடிபட்டு இருவரும் நீதிமன்றத்தில் நிற்கிறார்கள். வக்கீல் வேண்டாம், நானே வாதாடுகிறேன் என்கிறான் ஃபீலிக்ஸ். ஆஸ்கர் தலையில் கை வைத்துக்கொள்கிறான். சாட்சி சொல்லும் பெண்மணி ‘அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்’ என்ற பொருளில் ‘அஸ்யூம்’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார். ஃபீலிக்ஸ் கரும்பலகைக்குப் போய் அந்த ஆங்கிலச் சொல்லை எழுதி, மூன்று துண்டாகப் பிரித்து வட்டம் போடுகிறான். கழுதை, நீ, நான் என்று மூன்று சொற்கள் வருகின்றன. தெரியாமல் ஒன்றை நினைத்துக்கொண்டால் அது உன்னையும் என்னையும் கழுதையாக்கிவிடும் என்று முழங்குகிறான். இந்தச் சிலேடை அமெரிக்கர்களின் பேச்சில் இன்றும் புழங்குகிறது. அதைப் பரப்பியதில் இந்தக் காட்சிக்குப் பெரிய பங்கு உண்டு. கவனிக்க வேண்டியது, ஃபீலிக்ஸ் இங்கே ஜெயிக்கிறான் என்பது. இத்தனை நாளாக ஆஸ்கரைக் கொன்றெடுத்த அதே நுணுக்கம், அதே வாத்தியார்த்தனம், இங்கே அவனைக் காப்பாற்றுகிறது. தொடர் யார் பக்கமும் சாய்வதில்லை என்று நான் சொல்வது இதைத்தான். ஒரு வாரம் சுத்தக்காரன் சரி, இன்னொரு வாரம் சோம்பேறி சரி. ஆஸ்கர் சட்டையில் கறையோடு திரிந்தாலும் மனிதர்களிடம் தாராளமானவன், மன்னிக்கத் தெரிந்தவன். ஃபீலிக்ஸ் மூக்கை உறிஞ்சி ஊரைக் கூட்டினாலும் நண்பனுக்கு ஒன்று என்றால் ராத்திரி முழுக்கத் தூங்காதவன். இரண்டு பேரில் யாரை வெளியேற்றலாம் என்று யோசித்தால் உங்களால் முடிவெடுக்கவே முடியாது.

குறையும் இருக்கிறது. பெண்கள் இந்தத் தொடரில் பெரும்பாலும் வந்து போகிறவர்கள்தான். ஃபீலிக்ஸின் முன்னாள் மனைவி குளோரியா ஏன் அவனை அனுப்பினாள் என்பதை அவள் பக்கத்திலிருந்து நின்று நிதானமாகக் கேட்கும் பொறுமை எழுத்தாளர்களிடம் இல்லை. சந்திக்கப் போகும் பெண்களைப் பற்றிய சில வசனங்கள் இன்றைக்குக் காதில் உறுத்துகின்றன. ஆஸ்கரின் செக்ரட்டரி மிர்னாவாக வரும் பென்னி மார்ஷல் மட்டும் கிடைத்த கொஞ்ச இடத்தில் ஒரு முழு மனுஷியைக் கொண்டுவந்துவிடுகிறார். தயாரிப்பாளர் கேரி மார்ஷலின் தங்கை என்பதற்காக வந்தவர் என்று யாரும் சொல்ல முடியாது.

ஒளிபரப்பான ஐந்து வருடமும் தொடருக்குப் பெரிய பார்வையாளர் கூட்டம் கிடைக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்திலேயே ஓடியது. க்ளக்மன் 1971-லும் 1973-லும் அமெரிக்க டிவி உலகின் எம்மி விருது வாங்கினார். ராண்டலுக்கு அது 1975-ல், தொடர் நின்றுபோன பிறகுதான் கிடைத்தது. விருது கிடைத்த சந்தோஷத்தோடு, இப்போது ஒரு வேலையும் இருந்தால் நன்றாக இருக்கும் என்று மேடையில் சொன்னார். உண்மையான புகழ் மறுஒளிபரப்பில் வந்தது. நியூயார்க்கில் ஒரு உள்ளூர் சேனல் வருடக்கணக்காக ராத்திரி பதினொரு மணிக்கு இதைப் போட்டது. அந்த நேரத்தில் டிவி முன்னால் இருப்பவர்கள் யார்? தூக்கம் வராதவர்கள், வேலை முடிந்து தாமதமாக வந்தவர்கள், தனியாக இருப்பவர்கள். வீட்டில் இன்னொரு ஆளின் சத்தம் கேட்டால் போதும் என்று இருப்பவர்களுக்கு இரண்டு பேர் சண்டை போடும் சத்தம்கூட ஆறுதல்தான். இந்தத் தொடர் அந்த நகரத்தின் ஞாபகத்தில் அவ்வளவு ஆழமாகப் பதிந்ததற்கு அந்த நேரமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அப்புறம் மறு ஆக்கங்கள் வரிசையாக வந்தன. நாயும் பூனையுமாக ஒரு கார்ட்டூன், 1982-ல் இரண்டு கறுப்பின நடிகர்களோடு பழைய கதைவசனங்களில் சிலவற்றையே திரும்ப எடுத்த ஒரு தொடர், 1985-ல் சைமனே இரண்டு பெண்களை வைத்து மாற்றி எழுதிய நாடகம், 2015-ல் மேத்யூ பெர்ரி ஆஸ்கராக நடித்த இன்னொரு தொடர். ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடரில் சாண்ட்லராக ரூம்மேட்டோடு வாழ்ந்து உலகம் முழுக்கப் பிரியம் சம்பாதித்தவர் அவர். அவராலேயே அதை மூன்று சீசனுக்கு மேல் கொண்டுபோக முடியவில்லை. 2015-ல் விவாகரத்தான ஒரு ஆண் தனியாக வாழ்வது யாருக்கும் செய்தி இல்லை. சமையல், வீட்டு வேலை, தனிமை எல்லாவற்றுக்கும் போனில் ஆள் கிடைக்கும். நண்பனின் கதவைத் தட்டித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதபோது சுத்தம், அழுக்கு என்ற ஜோக் மட்டும் மிஞ்சுகிறது. அந்த ஜோக் நிஜமாகவே ஒரு வரிதான். அதில் உங்கள் சந்தேகம் சரி.

இப்போது முடிவுகளுக்கு வருகிறேன், ஏனென்றால் நாடகமும் தொடரும் இங்கேதான் பிரிகின்றன. நாடகத்தில் ஆஸ்கர் ஒரு கட்டத்தில் பொறுக்க முடியாமல் ஃபீலிக்ஸை வெளியே அனுப்பிவிடுகிறான். ஃபீலிக்ஸ் அந்த மாடி வீட்டுச் சகோதரிகளிடம் தங்கப் போகிறான். கடைசிக் காட்சியில் போக்கர் ஆட்டம் மறுபடி தொடங்குகிறது. சிகரெட் துண்டுகளைக் கண்ட இடத்தில் போடாதீர்கள், இது வீடு என்று ஆஸ்கர் நண்பர்களை அதட்டுகிறான். ஃபீலிக்ஸ் போய்விட்டான், அவன் குரல் ஆஸ்கர் வாயில் தங்கிவிட்டது. இரண்டரை மணி நேர நாடகத்துக்கு அது மிக அழகான முடிவு.

ஐந்து வருடத் தொடர் அப்படி முடிந்திருந்தால் பொய்யாக இருந்திருக்கும். 1975 மார்ச் 7 அன்று வந்த கடைசி எபிசோடில் ஃபீலிக்ஸ் மறுபடி குளோரியாவையே மணக்கிறான். வீட்டை விட்டுப் போகும் முன், உடைந்துபோய் வந்த என்னை நீ ஏற்றுக்கொண்டாய் என்று நன்றி சொல்லி, உனக்கு என் வணக்கம் என்று குப்பைக் கூடையை எடுத்துத் தரையில் கவிழ்க்கிறான். அந்த ஃபீலிக்ஸ்! ஆஸ்கர் நெகிழ்ந்துபோய், பதில் வணக்கமாக இதை நானே சுத்தம் செய்கிறேன் என்கிறான். ஃபீலிக்ஸ் போகிறான். ஆஸ்கர் குப்பையைப் பார்க்கிறான், சே, நான் செய்யப்போவதில்லை என்று கிளம்பிவிடுகிறான். காலியான வீட்டுக்குள் ஃபீலிக்ஸ் திரும்ப நுழைகிறான். செய்ய மாட்டான் என்று எனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டே அள்ள ஆரம்பிக்கிறான். ஐந்து வருடத்தில் இரண்டு பேரும் ஒரு அங்குலம் மாறவில்லை. ஒருவனை ஒருவன் முழுக்கத் தெரிந்துகொண்டது மட்டும் நடந்திருக்கிறது. ஏன் பிரிந்து போகவில்லை என்று கேட்டீர்களானால், நான் காட்டக்கூடிய இடம் அந்தக் குப்பைக் குவியல்தான்.

நடிகர்களின் கதை அதோடு முடியவில்லை. 1989-ல் தொண்டைப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சையில் க்ளக்மன் குரலை இழந்தார். ஒரு நடிகருக்கு அதற்கு மேல் என்ன போக வேண்டும்? கரகரப்பான மெல்லிய குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியபோது, நீ மறுபடி மேடை ஏறலாம், நான் ஏற்பாடு செய்கிறேன் என்று கூப்பிட்டவர் ராண்டல். தான் தொடங்கிய நாடகக் குழுவுக்கு நிதி திரட்ட 1991-ல் பிராட்வேயில் ஒரே ஒரு இரவு ‘தி ஆட் கப்பிள்’ போட்டார்கள். க்ளக்மன் அந்த உடைந்த குரலிலேயே ஆஸ்கராக நடித்தார். அரங்கம் எழுந்து நின்றது. 1993-ல் வந்த மறுசந்திப்பு டிவி படத்தில் ஆஸ்கரும் தொண்டை அறுவை சிகிச்சையிலிருந்து மீண்டு வருபவனாக எழுதப்பட்டான். ஃபீலிக்ஸ் அவனை விடாமல் பயிற்சி செய்ய வைக்கிறான். அவர்கள் அதற்கப்புறமும் மேடையில் சேர்ந்து நடித்தார்கள். ராண்டல் 2004-ல் இறந்தார். அடுத்த வருடம் க்ளக்மன் தங்கள் நட்பைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். 2012-ல் அவரும் போனார்.

பார்க்க நினைத்தால் முதல் சீசனில் தொடங்க வேண்டாம். இரண்டாவது சீசனில் இரண்டு மூன்று எபிசோடு பாருங்கள், பாத்திரங்கள் பழகிவிடும். அப்புறம் ‘பாஸ்வேர்ட்’, அதன்பின் நீதிமன்ற எபிசோடு. டிவிடி தொகுப்புகளில் சில பாட்டு இடங்கள் உரிமைச் சிக்கலால் வெட்டப்பட்டிருக்கும். திடீரென்று காட்சி தாவினால் குழம்ப வேண்டாம். முதல் சீசனுக்கு நிதானமாகத் திரும்பி வரலாம். கடைசி எபிசோடை மட்டும் முன்கூட்டியே பார்த்துவிடாதீர்கள். நான் இங்கே அதைச் சொல்லிவிட்டேன்தான். ஆனாலும் நூறு எபிசோடு அவர்களோடு இருந்துவிட்டு அந்தக் கூடை கவிழ்வதைப் பார்ப்பது வேறு.